ரப்பர் செருப்புக்குப் பாலிஷ்

கோலியனூரில் நான் தினமும் வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொள்ளும் நோயாளி, முன்னாள் ராணுவ ஹவில்தார். இனி வைத்தியமில்லை என்று டாக்டர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். இன்று அவர் புண்ணுக்குக் கட்டு மாற்றிவிட்டுக் கொல்லையில் கை கழுவினேன். ஷூ பாலிஷ் வாசனை வந்தது.

திண்டிவனத்தில் எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமை வாசனை அது. ராணுவத்திலிருந்து லீவில் வரும் அப்பா, பூட்ஸ் முடிந்தும் கை நிற்காமல் எங்கள் ரப்பர் செருப்புகளுக்கும் பாலிஷ் போடுவார்.

"ரப்பருக்கு யாருனா பாலிஷ் போடுவாங்களா? புள்ளைங்க காலெல்லாம் கறுப்பாவுது!" என்று அம்மா கத்துவாள்.

உள்ளே போனேன். தலையணையில் சாய்ந்திருந்த ஹவில்தாரின் மடியில், கட்டிலோரம் நான் கழற்றிவிட்டிருந்த ரப்பர் செருப்பு. கையில் பிரஷ்.

"இன்னிக்கி ஒண்ணுதான் முடிஞ்சுது சிஸ்டர். இன்னொண்ணு நாளைக்கி."

"நாளைக்கும் இதையே போட்டுக்கினு வர்றேங்க ஐயா" என்றேன்.