சந்தனம் அடைத்த மவுஸ்

ஆயுத பூஜை என்றாலே இப்போது எனக்கு அருவருப்புதான். காரணம் சாமி இல்லை, ஒரு மவுஸ்.

கடலூரில் மோட்டார் உதிரிபாகம் விற்கும் ஒரு கடைக்கு பில் போடும் மென்பொருளை எழுதிக் கொடுத்தவன் நான். கறுப்புத் திரை, பச்சை எழுத்து, படம் கிடையாது. கீபோர்டில் எஃப் டூ தட்டினால் புது பில், எஃப் டென் தட்டினால் பிரிண்ட். பல வருடம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

திடீரென்று முதலாளிக்கு அது கேவலமாகப் பட்டது. “எம் மச்சான் சிதம்பரத்துல கடை தொறக்குறான் சார். மவுஸ்ல க்ளிக் பண்ணா பில் வரணுங்குறான். மொதல்ல இங்க போட்டுக் காட்டுங்க. சரியா வந்தா அந்தக் கடையும் ஒங்களுக்குத்தான்.”

வெறும் எழுத்துத் திரைக்குள் மவுஸைப் புகுத்துவது எரிச்சல் பிடித்த வேலை. க்ளிக் எந்த வரியில், எத்தனையாவது எழுத்தில் விழுந்தது என்று கண்டுபிடித்து, அங்கே இருக்கும் சொல்லுக்கு உரிய கீயை யாரோ தட்டியதாக மென்பொருளை நம்பவைக்க வேண்டும். சிதம்பரம் கடைக்காக நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு செய்து முடித்தேன். பூஜைக்கு முந்தின நாள் எல்லாம் ஓடியது.

விஜயதசமி காலையில் மச்சான் வந்து உட்கார்ந்து மவுஸைத் தேய் தேய் என்று தேய்த்தார். “என்ன மாமா, நகரவே மாட்டேங்குது?” முதலாளி என்னை முறைத்தார்.

மவுஸைப் புரட்டினேன். முதல் நாள் தராசு, ஸ்பானர் என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்த முதலாளி இதையும் விடவில்லை. வழவழப்பான முதுகில் சந்தனம் நிற்கவில்லை போலிருக்கிறது. அடியில் சிவப்பு விளக்கு எரியும் குழிக்குள் கட்டைவிரலால் திணித்து, மேலே குங்குமமும் அப்பியிருந்தார். அதில் அவர் கை க்ரீஸும் பொரித்தூளும் சேர்ந்து கெட்டியாகக் காய்ந்திருந்தன. குண்டூசியை எடுத்துச் சுரண்டப் போனேன்.

“ஐயய்யோ, சாமிக்கு வச்சத சுரண்டாதீங்க சார்! அதத் தொடாம வேலை நடக்குற மாதிரி பண்ணுங்க.”

“மவுஸத் தொடாமயா?”

“ஆமா.”

“போன மாசம் வரைக்கும் அப்படித்தான சார் இருந்துச்சு!” என்றேன்.

“அப்ப அதையே போட வேண்டியதுதான? எதுக்கு மாத்துனீங்க?”

வாய்வரை வந்த கெட்ட வார்த்தையை விழுங்கிவிட்டுப் பழைய மென்பொருளையே ஏற்றினேன். மச்சான் எஃப் டூ தட்டினார். பில் வந்தது. முதலாளியின் முகத்தில் அப்போது வந்த பெருமை இருக்கிறதே, பார்க்கச் சகிக்கவில்லை. நான் ஒருவன் நிற்கிறேன் என்ற கூச்சம்கூட இல்லாமல் மச்சானின் தோளில் கை போட்டார்.

“மவுஸுன்னு என்னமோ பண்ணிக் கெடுத்து வச்சிருந்தாரு. நான் நின்னு சரி பண்ண வச்சேன். அங்க நீ வேற ஆளப் பாத்துக்க மச்சான்.”