தவராசா அண்ணரின் இரண்டாவது காய்ச்சல்

"மிஸ், எனக்கு ஒண்டு மட்டும் சொல்லுங்கோ. இந்த மனுசன் குளிசை குடிச்சவரோ, இல்லையோ?"

எங்கள் ஆஸ்பத்திரி ஆய்வுகூட வாசலில் நின்று இப்படிக் கேட்டவர் நறுவிலிக்குளத்து ஈசுவரி அக்கா. கணவர் தவராசா அண்ணர் ஒட்சிசனோடு வார்டில் கிடந்தார். முந்தின வருசம்தான் மெலியோய்டோசிஸ் வந்து மயிரிழையில் தப்பியவர். வயல் மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் வாழும் ஒரு பக்டீரியாவால் வரும் நோய் அது. காலில் சின்னக் கீறல் போதும், உள்ளே போய்விடும். ஊசி முடிந்த பிறகும் மாதக்கணக்கில் குளிசை குடிக்க வேண்டும். இடையில் விட்டால் ஒளிந்திருக்கும் கிருமி திரும்ப எழும்பும்.

இப்போது திரும்பவும் காய்ச்சல், இரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரில் திரும்பவும் அதே பக்டீரியா. "குளிசையை ஒழுங்காப் போடேல்லைப் போல" என்றார் டொக்டர். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். அக்கா அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார்.

"என்ரை கையால எடுத்துக் குடுத்தனான் மிஸ். பின்வளவில போய்த் துப்பியிருக்கிறார். எங்களைத் தனிய விட்டிட்டுப் போகத்தான் நினைச்சவர்" என்று அழுதார். அன்றிலிருந்து அண்ணரோடு பேச்சில்லை. கஞ்சியைக் கட்டிலருகில் வைப்பார், முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்.

நான் இரத்தம் எடுக்கப் போனபோது அண்ணர் ஒட்சிசன் முகமூடியை விலக்கினார். "சத்தியமா ஒண்டும் விடாமல் குடிச்சனான் பிள்ளை. அவள் நம்பாட்டி நான் சுகப்பட்டு என்ன பிரயோசனம்?"

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பொய் சொல்லும் நோயாளியை முகத்துக்கு நேரே கேட்டுவிடுவேன். இவரைப் பார்த்தால் பொய்யராகத் தெரியவில்லை. ஆனால் என் மனதுக்குப் பட்டதை எந்த டொக்டர் ரிப்போர்ட்டாக எடுப்பார்? நல்ல காலம், முதல் முறை வளர்ந்த கிருமியை வீசாமல் உறைபெட்டியில் வைத்திருந்தேன். அதையும் புதியதையும் கொழும்புக்கு அனுப்பி, இரண்டின் ஜீனோமையும், அதாவது முழு டிஎன்ஏ எழுத்து வரிசையையும், வாசித்துத் தரும்படி கேட்டோம்.

ஆய்வுகூட வேலை படிக்க வந்த பிள்ளைகளே, சங்கதி இவ்வளவுதான். பக்டீரியா பெருகும்போது அதன் டிஎன்ஏயில் எப்போதாவது ஓர் எழுத்து மாறும். பழைய கிருமியே ஒளிந்திருந்து எழும்பியிருந்தால் இரண்டு ஜீனோமும் அநேகமாக ஒன்றாகவே இருக்கும். ஆயிரக்கணக்கில் வித்தியாசம் இருந்தால் அது வேறு பரம்பரை, வெளியிலிருந்து வந்தது.

ரிப்போர்ட் வருவதற்குள் அண்ணர் எழும்பி இருந்து சோறு சாப்பிடத் தொடங்கிவிட்டார். அக்கா மட்டும் வாய் திறக்கவில்லை. ரிப்போர்ட்டைப் பார்த்தேன், ஆயிரக்கணக்கில் வித்தியாசம்! எனக்கே பரீட்சை பாஸான மாதிரிச் சந்தோசம். டொக்டரிடம் காட்டிவிட்டு வார்டுக்கு ஓடினேன்.

"அக்கா, இது குளிசையை விட்டதால திரும்ப எழும்பின பழைய கிருமி இல்லை. இது புதுசு. அண்ணர் சொன்னது உண்மைதான்."

"கேட்டியோடி!" என்று அண்ணர் நிமிர்ந்து இருந்தார்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் கையைப் பிடித்தார். பிறகு என்னிடம் திரும்பினார். "அப்ப புதுசு எங்கையிருந்து மிஸ் வந்தது?"

"வயலில இருந்துதான். வெறுங்காலோட சேத்தில இறங்கினால்..."

அண்ணர் எனக்குக் கண்சாடை காட்டுவதை அப்போதுதான் கவனித்தேன்.

"வெறுங்காலோ?" என்றார் அக்கா. "போன முறை டொக்டர் சொல்லி நான் வாங்கித் தந்த பூட்ஸ் எங்கை? ஒவ்வொரு நாளும் காலமை போட்டுக்கொண்டுதானே வயலுக்கு வெளிக்கிட்டனீங்கள்?"

"அது சேத்தில புதையுதடி. வரம்பில கழட்டி வைச்சிட்டு..."

அவ்வளவுதான். அக்கா ஏசத் தொடங்கினார். வார்டே சிரித்தது. எனக்கோ நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை" என்றேன் மெதுவாக.

"விடு பிள்ளை" என்றார் அண்ணர். முகமெல்லாம் சிரிப்பு. "ஏசட்டும். கதைக்கிறாள்தானே."

ஜீனோம் யாருடைய பக்கமும் பேசாது, முழு உண்மையையும் சொல்லிவிடும். முதல் கிருமியை மட்டும் வீசிவிடாதீர்கள், பிள்ளைகளே. அதை வீசியிருந்தால் அந்த மனிதர் மனைவி கண்ணில் பொய்யராகவே வீட்டுக்குப் போயிருப்பார்.