பழுப்பு நாய்க்கு நான் எழுதிய விலாசம்

டில்லிக்கு வந்து எட்டு வருடமாகியும் சித்திக்கு ஹிந்தி பேச வந்ததே தவிர எழுதப் படிக்க வரவில்லை. மயூர் விஹாரில் எங்களுக்கு மேல்மாடியில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்திலிருந்த பிராணிகள் காப்பகத்துக்கு உதவிசெய்யப் போவாள். அங்கே ஒவ்வொரு கூண்டிலும் ஹிந்தியில் ஓர் அட்டை எழுதித் தொங்கவிட வேண்டும். ஆகவே என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். தமிழில் என் பெயரைக்கூடப் பிழையில்லாமல் எழுதத் தெரியாத எனக்கு, பத்து வயதில் அதைவிடப் பெரிய உத்தியோகம் வேறில்லை.

அக்கம்பக்கத்தார் சேர்ந்து நடத்திய காப்பகம் அது. அடிபட்ட தெருநாய்களுக்கு வைத்தியம் பார்த்து, கருத்தடையும் செய்து, அடையாளமாகக் காதில் சின்னதாக ஒரு வெட்டு வைப்பார்கள். குணமானதும் எந்தத் தெருவிலிருந்து வந்ததோ அதே தெருவில், அதே மூலையில் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும். வேன் டிரைவர் அட்டையைப் பார்த்துத்தான் போவார். எனக்கு இந்த விதி சுத்த அபத்தமாகப் பட்டது. தெருவுக்குத் தெரு என்ன வித்தியாசம்?

கால் முறிந்த பழுப்புப் பெட்டை நாய் ஒன்றை, பாண்டவ் நகரில் மரத்தடியில் துணி தேய்க்கும் பிரஸ்வாலா தூக்கிவந்து சேர்த்திருந்தார். ஞாயிறுதோறும் வந்து கூண்டருகே உட்கார்ந்துவிட்டுப் போவார். அவரை நான் விருந்தாளிக் கணக்கில்தான் வைத்திருந்தேன். நாய் என்னுடையது என்று எப்போதோ முடிவு செய்தாகிவிட்டது. அப்பா வீட்டுக்குள் நாய் கூடாது என்று சொல்லியிருந்தார். கேட்டுக்கு வெளியே கூடாது என்று சொல்லவில்லை.

கட்டு அவிழ்த்த ஞாயிறன்று பழைய அட்டை நனைந்து கிழிந்திருந்தது. "புதுசா எழுதி மாட்டுடி, செவ்வாக்கெழமை கொண்டுபோய் விட்டுடுவாங்க" என்றாள் சித்தி. நான் எங்கள் அடுக்குமாடிச் சொசைட்டியின் பின்கேட்டை விலாசமாக எழுதினேன். சித்தி வாங்கிப் பார்த்துவிட்டு, எழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்றாள்.

செவ்வாயன்று பள்ளி விட்டு வந்தபோது பின்கேட்டில் நாய் நின்றது. பாலும் பிரெட்டும் வைத்தேன். சாப்பிட்டது. ஆனால் எங்கள் சொசைட்டி நாய்கள் நான்கும் சேர்ந்துகொண்டு அதை நிற்கவிடாமல் விரட்டின. காருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டு, கூப்பிட்டாலும் வராமல் சாலைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது. வியாழக்கிழமை அதைக் காணவில்லை. நான் யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு நாங்கள் போவதற்கு முன்பே பிரஸ்வாலா வந்து நின்றார். "தீதி, செவ்வாக்கெழமையிலேர்ந்து பாத்துக்கிட்டிருக்கேன். அவ இன்னும் வரலியே" என்று சித்தியிடம் ஹிந்தியில் சொன்னார். டிரைவர் அட்டையைத் தேடி எடுத்து, எங்கள் விலாசத்தைச் சத்தமாகப் படித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். வெள்ளிக்கிழமை நெடுஞ்சாலையில் காதில் வெட்டுள்ள பழுப்பு நாய் ஒன்று அடிபட்டுக் கிடந்ததாம். உயிர் இல்லையாம். டிரைவரே எடுத்துப் புதைத்தாராம். மயூர் விஹாருக்கும் பாண்டவ் நகருக்கும் நடுவில்தான் அந்த நெடுஞ்சாலை போகிறது.

சித்தி ஒரே ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நான்தான் தப்பா சொல்லி எழுத வெச்சேன் அண்ணா, எம்மேலதான் தப்பு" என்று தன் உடைந்த ஹிந்தியில் அவரிடம் சொன்னாள். தப்பித்தோம் என்று நான் மூச்சு விட்டேன்.

பிரஸ்வாலா டிரைவர் பக்கம் திரும்பினார். நாய் சாலையின் எந்தப் பக்கம் கிடந்தது என்று மட்டும் கேட்டார். பாண்டவ் நகர் பக்கம் என்றார் டிரைவர்.

"அப்ப முக்கால்வாசி தூரம் வந்துட்டா" என்று சொல்லிவிட்டு, தரையில் உட்கார்ந்து அழுதார். சித்தியும் அழுதாள்.

வீட்டுக்கு வரும் வழியில் சித்தி என்னைத் திட்டவில்லை. அதற்கப்புறம் அட்டை எழுதக் கூப்பிடவும் இல்லை. அதில் எனக்கு வருத்தம்தான். ஆனால் அதைவிட அந்த நாயின் மேல்தான் கோபமாக வந்தது. பாலும் பிரெட்டும் வைத்தவளை விட்டுவிட்டு அது ஏன் ஓட வேண்டும் என்றே பல நாள் யோசித்துக்கொண்டிருந்தேன். ஓடவில்லை, வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது என்பது எனக்குத் தோன்றவே இல்லை.