வலது கதவில் அலை

பள்ளத்தை நிரப்பப் பட்டி பூசி, காய்ந்த கார்த் தகரத்தைத் தேய்த்த பிறகு, அது சமமாக வந்துவிட்டதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சாம்பல் நிறத்தில் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். உள்ளங்கையை வைத்து நீளவாக்கில் மெதுவாக இழுத்துப் பார்க்க வேண்டும். நடுவில் ஒரு மெல்லிய பருத்தித் துணி இருந்தால் இன்னும் நன்றாகத் தெரியும். ஒரு தாள் கனத்துக்குப் பள்ளம் இருந்தாலும் கை அங்கே இறங்கி ஏறும். இதை எனக்குச் சொன்னது என் வீட்டுக்காரர்தான். ஆனால் அவருக்கு அது வராது. துறைமுகப் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். வெல்டிங் பொறி பட்டுப் பட்டு அவர் உள்ளங்கை தடித்துப் போய்விட்டது. கொதிக்கும் சட்டியைத் துணி இல்லாமல் இறக்கி வைப்பார்.

எனக்கு அது வந்தது. நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். பதினெட்டு வயதில் பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சேர்ந்து, பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடிக்குக் கீழே தலைமுடியைவிட மெல்லிய கம்பிகளை ஒட்டிக்கொண்டிருந்தேன். வேறு எதுவும் எனக்குத் தெரியாது. நாலு பேர் இருக்கும் இடத்தில் பேச வராது. கை மட்டும் நன்றாக இருந்தது.

நாங்கள் சரிசெய்த கார் பத்து காவான் என்ற ஊரில், வீடு கட்டுவதற்காக மண் தள்ளிக்கொண்டிருந்த ஒரு நிலத்தில், இடிந்த கொட்டகைக்குப் பின்னால் கிடந்தது. ஆஸ்திரேலியாவில் செய்தது. இரண்டே கதவு, நீண்ட மூக்கு, எட்டு சிலிண்டர். அந்தக் காலத்தில் வேகம் பிடித்த பணக்கார வீட்டுப் பிள்ளைகள் வைத்திருந்த வகை. அவர் வேலையிலிருந்து நின்று சில வருடம் சும்மா இருந்தார். பிறகு ஒரு நாள் அதை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து, டத்தோ கிராமாட்டில் எங்கள் வீட்டு முன்னால் இறக்கினார். என்னிடம் முன்னமே சொல்லவில்லை. துணி காயப்போடும் கம்பியை அவிழ்க்கச் சொன்னார். அவிழ்த்தேன்.

பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்.

“என்னாண்ணே, தைப்பூசத்துக்குத் தேர் செய்யிறீங்களா?”

“ஆமா. மொட்ட போட்டுட்டு வா. மொத காவடி உனக்குத்தான்.”

“இது ஓடுமாண்ணே?”

“முட்டி ரெண்டும் போயி நீயே ஓடிக்கிட்டு இருக்க. இது ஓடாதா?”

அவர் சிரித்தார். என் வீட்டுக்காரரும் சிரித்துவிட்டு, “சின்ன வயசுல இந்த மாதிரி ஒண்ணு கப்பல்லேர்ந்து கயித்துல தொங்கிக்கிட்டே எறங்குனிச்சு. அன்னிக்கே நெனச்சேன் லா” என்று சொன்னார். நான் தேநீரோடு பின்னால் நின்றேன். கல்யாணமாகி நாற்பத்தைந்து வருடத்தில் அந்தக் கதையை அன்றுதான் நானும் கேட்டேன்.

முதலில் எனக்கு நட்டு போல்ட்டுகளைக் கழுவி பிஸ்கட் டின்களில் பிரித்துப் போடும் வேலை. பிறகு துரு சுரண்டினேன். பிறகு உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். அவர் எஞ்சினோடு கிடந்தார். ஒரு நாள் இடது பக்கக் கதவைத் தேய்த்து முடித்துவிட்டு, நான் சும்மா தடவிப் பார்த்து, “இங்க ஒரு பள்ளம் இருக்குங்க” என்றேன். அவர் எட்டிப் பார்த்தார். ஒரு இரும்பு அடிகோலை எடுத்து வந்து கதவின்மேல் நிறுத்தி, கீழே டார்ச் அடித்தார். நான் சொன்ன இடத்தில் மட்டும் மெல்லிய கோடாக வெளிச்சம் வந்தது.

அவர் அந்த இடத்தில் மறுபடி பட்டி பூசினார். அடுத்த நாள் தேய்த்து முடித்ததும் என்னைப் பார்த்து, “கை என்னா சொல்லுது?” என்று கேட்டார்.

இந்த வீடு வாங்கும்போது அவர் என்னைக் கேட்கவில்லை. மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது கேட்கவில்லை. நான் தொழிற்சாலையை விட்டு நிற்க வேண்டும் என்பதையும் அவரும் அவர் அம்மாவும் பேசி முடித்திருந்தார்கள். இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை. எங்கள் வீடுகளில் அப்படித்தான். ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு சாயங்காலமும் அவர் கேட்டார். கை என்னா சொல்லுது? நான் துணியைப் போட்டு இழுத்துப் பார்த்து, “முன்னால சரி, கைப்பிடிகிட்ட ஒசரம்” என்பேன். மறுபேச்சு இல்லாமல் அதன்படி செய்வார். அந்தக் கேள்விக்காக நான் நாலு மணிக்கே முகம் கழுவிவிட்டு உட்கார்ந்திருப்பேன். அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் நடந்தது அதுதான்.

இடது பக்கம் முழுவதும் முடிந்தது. வலது பக்கக் கதவுக்கு வந்தோம். பொங்கலுக்கு முன்னால் ஒரு நாள் தேய்த்துக்கொண்டிருந்தேன். சாம்பல் பட்டியின்மேல் சிவப்பாக ஒரு தீற்றல் தெரிந்தது. துருதான் கசிகிறது என்று நினைத்தேன். துடைக்கத் துடைக்க வந்தது. பிறகுதான் பார்த்தேன், கதவு விளிம்பில் இருந்த தகரச் சில் என் நடுவிரலைக் கீறியிருந்தது. ஆழமாகத்தான் கீறியிருந்தது. எனக்கு வலிக்கவில்லை.

விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு மறுகையால் கதவைத் தடவினேன். அதிலும் ஒன்றும் தெரியவில்லை. கையுறைக்கு மேல் இன்னொரு கையுறை போட்டதுபோல இருந்தது. எனக்கு இனிப்பு நீர் வியாதி பல வருடமாக இருக்கிறது. மாத்திரை சாப்பிடுகிறேன். கால் விரல்கள் முன்பே கொஞ்சம் அப்படித்தான் இருந்தன. கைக்கு வரும் என்று நினைக்கவில்லை.

அவர் எஞ்சின் பக்கமிருந்து, “கை என்னா சொல்லுது?” என்றார்.

“சரியா இருக்குங்க” என்றேன்.

பயமாக இருந்தது என்று சொல்ல முடியாது. அப்போது ஒன்றுமே தோன்றவில்லை. வாய் சொல்லிவிட்டது. மறுநாள் பின் சக்கரத்துக்கு மேல் உள்ள தகரம். சரி என்றேன். பிறகு பின்னால் சாமான் வைக்கும் டிக்கியின் மூடி. எல்லாவற்றுக்கும் சரி என்று சொன்னால் சந்தேகம் வரும் என்று, ஒன்றிரண்டு இடத்தில் “இங்க கொஞ்சம் பள்ளம்” என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். நல்ல இடத்தில் பட்டி பூசினார். பார்த்துக்கொண்டே நின்றேன். கண்ணுக்கு எல்லாம் சாம்பல்தான்.

சித்திரை முடிந்து காரை ஜெலுத்தோங்கில் ஒரு சாயப் பட்டறைக்கு இழுத்துப் போனோம். எஞ்சினை மூடும் போனட்டில் மட்டும் துரு வேலை மீதி இருந்ததால் அதைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டோம். பட்டறைக்காரர் வயதான சீனர். முப்பது வருடமாகத் தமிழ் ஆட்களோடு பழகி அவருக்குத் தமிழ் வரும். மரியாதை மட்டும் வராது. எல்லாருக்கும் நீதான்.

அவர் கார் முழுவதும் கறுப்புச் சாயத்தைப் பனிபோல மெல்லிசாகத் தூவினார். எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை. காய்ந்ததும் ஒரு நீளக் கட்டையில் உப்புத்தாளைச் சுற்றி அதைத் தேய்த்து எடுத்தார். இடது பக்கம் கறுப்பு முழுக்கப் போய்ச் சாம்பலாக வெளுத்தது. வலது பக்கம் வந்தார். கதவில் அங்கங்கே கறுப்பு போகாமல் திட்டுத்திட்டாக நின்றது.

“அண்ணே, நீ வா. நீ பாரு. கறுப்பு போகலே. இது பள்ளம். ஓம்பாக்.”

ஓம்பாக் என்றால் மலாயில் அலை. கதவு அலை அலையாக இருக்கிறது என்றார்.

என் வீட்டுக்காரர் குனிந்து பார்த்தார். “இருக்காது. ஒன் கட்ட கோணலா இருக்கும்.”

“கட்டை அந்த சைட் நேரா, இந்த சைட் கோணலா? நீ நல்லா ஜோக் பண்றே லா.”

“இத எங்க வீட்ல கையால பாத்தது, தெரியுமா? ஒவ்வொரு இஞ்சும் பாத்தது. அந்தக் கை தப்பாவே சொல்லாது.”

“அண்ணே, ஆன்ட்டி கை நல்ல கை. கதவுதான் நல்ல கதவு இல்லே.”

“நீ சாயம் அடிக்கிற வேலய மட்டும் பாரு.”

“இதுமேலே சாயம் அடிச்சா, நாளைக்கு எல்லாரும் பார்த்து என்னைத்தான் சிரிப்பான். நான் அடிக்க மாட்டேன்.”

“அடிக்க வேணாம். நான் லாரியக் கூப்பிட்டு எடுத்துட்டுப் போறேன். பினாங்குல நீ ஒருத்தன்தான் இருக்கியா?”

அவர் கைப்பேசியை எடுத்தார். கழுத்தெல்லாம் சிவந்திருந்தது. நான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அவர் எனக்காக யாரிடமும் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. முதல் தடவையாகப் போடுகிறார், அதுவும் இல்லாத ஒன்றுக்காக. லாரி வந்தால் அந்தக் கதவோடு இன்னொரு பட்டறைக்குப் போவார். அங்கேயும் இதையே சொல்வார்.

எழுந்து போனேன். “லாரி வேணாங்க. என் கை மரத்துப்போச்சு” என்றேன்.

காற்று அடைக்கும் இயந்திரம் பெரிதாகச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. “என்னா?” என்றார்.

“என் கை மரத்துப்போச்சுங்க! எனக்கு ஒண்ணும் தெரியல!”

கத்தினேன். நான் கத்த ஆரம்பித்ததும் இயந்திரம் காற்று நிறைந்து தானாக நின்றுவிட்டது. நான் கத்தியது மட்டும் அந்தத் தகரக் கூரைக்குக் கீழே கேட்டது. வேறொரு காருக்குக் கீழே படுத்திருந்த இரண்டு வேலையாட்கள் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார்கள்.

“எப்பருந்து?”

“பொங்கலுக்கு முன்னாடியிலேர்ந்து.”

அவர் காரைப் பார்த்தார். வலது கதவு, பின் தகரம், டிக்கி மூடி என்று மனதுக்குள் கணக்குப் போட்டிருப்பார். அவர் பார்வை அந்த வரிசையில்தான் போயிற்று.

“நீ சரின்னு சொன்னியே.”

“ஆமாங்க.”

“ஒவ்வொரு வாட்டியும்.”

“ஆமாங்க.”

அவர் கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பட்டறைக்காரர் எனக்கு ஒரு தண்ணீர்ப் போத்தலைக் கொண்டுவந்து கொடுத்தார். “நீ உட்காரு ஆன்ட்டி. நான் கதவு செய்றேன். ஒண்ணும் இல்லே” என்றார். வாங்கிக்கொண்டேன். அது குளிர்ந்திருந்ததா என்று தெரியாது. வெளியே தண்ணீர் முத்து முத்தாக இருந்தது. அதனால் குளிர்ந்துதான் இருந்திருக்கும்.

மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கு வந்தோம். சமைத்தேன். சாப்பிட்டார். திட்டுவார் என்று இருந்தேன். திட்டவில்லை. அது நல்லதா கெட்டதா என்று யோசித்துப் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து என்னைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனார். டாக்டர் சின்னப் பெண், தமிழ்ப் பெண்தான். கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். “நான் விரல்ல குச்சியால தொடுவேன். தெரிஞ்சா சொல்லுங்க ஆன்ட்டி.” நான் கண்ணை மூடினேன்.

“தெரியுது” என்றேன்.

“நான் இன்னும் தொடவே இல்ல ஆன்ட்டி.”

கண்ணைத் திறந்தேன். டாக்டர் சிரித்துக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் சுவரில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நரம்பு போன இடத்தைப் பழையபடி கொண்டுவருவது கஷ்டம், மேலும் போகாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொன்னார். மாத்திரையை மாற்றினார். வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர், “அரிசியக் கொறச்சுக்க” என்றார். அவ்வளவுதான்.

வலது பக்கத்தையும் டிக்கி மூடியையும் பட்டறையிலேயே சுரண்டி மறுபடி செய்தார்கள். அவர் தினமும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். என்னைக் கூப்பிடவில்லை. வீட்டில் போனட் மட்டும் இரண்டு முக்காலிகளின்மேல் கிடந்தது. ஒரு நாள் ஹார்ட்வேர் கடையிலிருந்து கறுப்புச் சாய டப்பா ஒன்று வாங்கி வந்தார், அழுத்தினால் தூவுமே, அது. பட்டறைக்காரர் செய்ததுபோலவே செய்தார். பட்டி பூசினார், தேய்த்தார், கறுப்பைத் தூவினார், கட்டையால் தேய்த்துப் பார்த்தார். கறுப்பு நின்ற இடத்தில் மறுபடி பட்டி. யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. நான் நாலு மணிக்கு முகம் கழுவிவிட்டு வாசல்படியில் நின்றேன். பழக்கத்தில் கழுவிவிட்டேன்.

மூன்றாவது நாள் கிட்டே போய், “நான் அடிக்கவா?” என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். டப்பாவைக் குலுக்கிக் கொடுத்தார். “ஒரு சாண் தள்ளிப் புடி. நகத்திக்கிட்டே இரு.”

பிடித்தேன். அழுத்துகிறேனா இல்லையா என்று விரலுக்குத் தெரியவில்லை. கறுப்பு வந்ததைப் பார்த்துத்தான் அழுத்துகிறேன் என்று தெரிந்தது. அதற்குள் ஒரே இடத்தில் கொட்டி வழிந்துவிட்டது.

“போதும், போதும்.” டப்பாவை வாங்கிக்கொண்டு வழிந்ததைத் துணியால் துடைத்தார். மீதியை அவரே தூவினார். கோபம் இல்லை. “உள்ள போயி உக்காரு. தூசி பறக்கும்” என்றார்.

நான் போகவில்லை. காயும்வரை பக்கத்திலேயே நின்றேன். அவர் கட்டையை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தார். கறுப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போய்ச் சாம்பல் தெரிந்தது. முன்பக்க ஓரத்தில் ஒரு கைக்குட்டை அளவுக்கு மட்டும் போகவில்லை.

“முன்னால ஓரமா ஒண்ணு நிக்குதுங்க” என்றேன்.

“பாத்தேன்” என்றார்.