டாக்டர் விரல் விட்டபடியே உறவு விசாரித்தார்

இன்று காலை கோயமுத்தூரில் ஒரு டாக்டர் என் பின்பக்கம் விரல் விட்டுப் பார்த்தார்.

(சிரிப்பவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். விஷயம் இன்னும் இருக்கிறது.)

கொஞ்ச நாளாக ஒண்ணுக்குப் போனால் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது. கத்தி வைத்துவிடுவார்களோ என்று உள்ளுக்குள் ஒரே நடுக்கம்.

வெள்ளகோவிலில் காட்டினால் சாயங்காலத்துக்குள் ஊரே பேசும். அதனால் பருத்தி விலை விசாரிக்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு, முன்பின் தெரியாத டாக்டராகப் பார்த்துப் போனேன்.

அவருக்கு என் மகன் வயசு இருக்கும்.

"வேட்டிய அவுத்துப்போட்டு ஒருக்களிச்சுப் படுங்க. மூத்திரப்பைக்குக் கீழ ஒரு சுரப்பி இருக்குதுங்க. வயசானா பெருத்துப்போகும். விரல் விட்டுத் தடவித்தான் பாக்கோணும்."

"வேற வழி இல்லீங்களா?"

"இல்லீங்க."

மேலே, புதிதாக வந்த பைக்காரா அணைக் கரண்டில் விளக்கு பளிச்சென்று எரிகிறது. இவ்வளவு வெளிச்சம் யார் கேட்டார்கள்?

ரப்பர் உறை மாட்டி, எண்ணெய் தடவி, ஆரம்பித்தார். நான் விறைத்துக் கிடந்தேன். என்னைத் தளர்த்துவதற்காகவோ என்னவோ, பேச்சுக் கொடுத்தார்.

"எந்தூருங்க?"

"வெள்ளகோயிலுங்க."

"அங்க யாரு ஊடுங்க?"

நம்மவர்கள் இந்தக் கேள்வியை ஆரம்பித்தால் பாதியில் நிறுத்துவார்களா? குலத்தில் எந்தக் கூட்டம் என்று கேட்டார், குலதெய்வம் கேட்டார், பெண் எடுத்த ஊர் கேட்டார். விரல் பாட்டுக்கு அதன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அப்படின்னா நீங்க எனக்கு மாமனாகோணுமுங்க."

"ரொம்பச் சந்தோசமுங்க மாப்ளே" என்றேன். சுவரைப் பார்த்துத்தான்.

கை கழுவிவிட்டு வந்தார்.

"பெருத்துத்தான் இருக்குதுங்க மாமா. ஆனா வழவழன்னு ஒரே சீரா இருக்குது. கல்லாட்டம் எதும் தட்டுப்படலீங்க. இப்போதைக்குக் கத்தி வேண்டாமுங்க."

அழுதேவிட்டேன். (வேட்டி இன்னும் கட்டவில்லை.)

யாருக்கும் தெரியக்கூடாது என்று போனவன், திரும்பும் பஸ்ஸில் கேட்டவர் கேளாதவர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு வந்தேன். சந்தோஷம் அப்படி.

சிரிப்பார்கள் என்று பார்த்தால், நரைமீசைக்காரர் ஒருவர் பக்கத்தில் நகர்ந்து வந்து மெல்லக் கேட்டார்.

"ஏனுங்க, அந்த டாக்டரு ஊடு எங்கீங்க?"

பின்சீட்டிலிருந்து இன்னும் இரண்டு நரைத்த தலைகள் எட்டிப் பார்த்தன.

பல்லடத்தில் பஸ் நின்றதும் நாலு பேரும் சேர்ந்து வேலியோரம் போய் நின்றோம்.

டிரைவர் ஆரனை அடித்துக்கொண்டே இருந்தார்.

நீங்களே சொல்லுங்கள், அவசரப்படுத்தினால் வருகிற சமாச்சாரமா அது?