தாரை வார்க்கும் கை

மகள் ஒரு போஸ்னியாக்காரரை மணக்கப்போவதாகச் சொன்னபோது, சாதி, சாப்பாடு பற்றிய கவலைகள் எனக்குப் பிறகுதான் வந்தன. முதலில் வந்தது, அவளைத் தாரை வார்த்துக் கொடுப்பது யார் என்பது. எங்கள் பக்கத்தில் மனைவியை இழந்தவன் அதைச் செய்வதில்லை. அவன் தம்பியும் தம்பி மனைவியும் மணையில் உட்காருவார்கள். பெற்றவன் நாற்காலியில் இருப்பான். அவள் அம்மா போய் ஆறு வருடமாகிறது. என் தனிமை என் கை வழியாக அவளுக்கும் ஒட்டிவிடுமோ என்ற பயம் எனக்கே இருந்தது.

திருநெல்வேலியிலிருக்கும் தம்பியைக் கூப்பிட்டேன். "நாங்க வந்து முறையைச் செஞ்சிருதோம் அண்ணே. நீங்க மொய் எழுதுற பக்கமா உக்காந்து ஆளை எண்ணிக்கிட்டு இருங்க" என்றான். நான் எதையும் எண்ணுவேன் என்பது குடும்பத்தில் பழைய கேலி. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மாப்பிள்ளைக்கு இங்கே அமீரகத்தில், புஜைராவில் எண்ணெய்க் கிடங்கில் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அஜ்மானில் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஐந்து இட்லி சாப்பிட்டார். உங்கள் மொழி செர்பியனா, குரோவேசியனா, போஸ்னியனா என்று ஆங்கிலத்தில் கேட்டேன். "எங்க பாஷை. அவ்வளவுதான் சொல்வோம்" என்றார்.

"அதில் கல்யாணம் பண்ணிக்கொள்வதற்கு என்ன சொல்?"

"ஆணுக்கா, பெண்ணுக்கா?"

இரண்டும் வேறாம். ஆணுக்கு 'ஒஜெனிதி சே'. அதற்குள் மனைவி என்ற சொல் இருக்கிறது. பெண்ணுக்கு 'உதாத்தி சே'. அதற்குள் இருப்பது கொடுத்தல். கடைசியிலுள்ள 'சே' இருந்தால் அவள் தன்னையே கொடுக்கிறாள். அதை எடுத்துவிட்டால் அப்பா மகளைக் கொடுக்கிறார்.

"நாங்களும் கட்டிக்கொடுத்தேன் என்றுதான் சொல்கிறோம்" என்றேன்.

அடுக்களையிலிருந்து மகள் ஈரக்கையோடு வந்தாள். "நீங்க எங்க குடுக்கிறீங்கப்பா? சித்தப்பாகிட்டல்ல விட்டுட்டீங்க?"

"முறைம்மா."

"சித்தப்பாவா என்னை ஸ்கூல் பஸ்ல ஏத்திவிட்டாரு? நீங்க குடுக்கலன்னா யாரும் குடுக்க வேணாம். கோர்ட்ல சைன் பண்ணிட்டு வர்றோம், கலாஸ், முடிஞ்சுது."

மாப்பிள்ளை தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தண்ணி ஊத்த உங்கம்மா இல்லையேம்மா" என்றேன். அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் ஊத்துறேன்" என்றாள்.

நானே தாரை வார்க்கிறேன் என்று தம்பியிடம் சொன்னேன். "வாறோம். ஆனா எனக்கு மனசில்லண்ணே" என்றான்.

ஒரு சிறிய ஹாலில் கல்யாணம் நடந்தது. நாற்காலிகள் நாற்பது, வந்தவர்கள் முப்பத்தொரு பேர். நான் மணையில் தனியாக உட்கார்ந்தேன். மாப்பிள்ளையின் கை கீழே, அதன்மேல் மகளின் வலது கை, அதன்மேல் என் கை. செம்பை எடுக்க அவளுக்கு இடது கைதான் மிச்சம். "இடது கையாலயா?" என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன்.

செம்பு நிறையத் தண்ணீர். அவள் தூக்கும்போது அது ஒரு பக்கம் சாய்ந்தது. தம்பி மனைவி எழுந்து வந்தாள். தம்பி அவளைத் தடுக்கவில்லை. அவள் செம்பின் அடியில் தன் கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டாள்.

"ஊத்து தாயி" என்றாள்.

தண்ணீர் என் கைமேல் விழுந்து, மகள் கையில் இறங்கி, அவர் கைக்குப் போனது.