கல்யாணத்துக்கு முன்னால் மாற்றிய பெல்ட்

எனக்கு எண்பத்திரண்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். ராபர்ட்சன்பேட்டையில் என் வீட்டுக்காரர் ஓட்டிய டாக்சியையும் நான்தான் வளர்த்தேன்.

என் நாத்தனார் கல்யாணத்துக்கு முந்தின நாள், டாக்சியின் ஃபேன் பெல்ட்டைத் திருப்பிப் பார்த்தேன். உள்பக்கமெல்லாம் வெடிப்பு.

"இன்னும் ஒரு மாசம் தாங்கும்மே" என்றார்.

"பாதி வழியில நின்னு முகூர்த்தம் போனா இன்னா பண்ணுவீங்க? இப்பவே மாத்துங்க."

முணுமுணுத்துக்கொண்டே மாற்றினார்.

மறுநாள் பெண்ணை ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் போனால், மேட்டில் மாப்பிள்ளையின் கார் பெல்ட் அறுந்து, ஆவி கக்கி நிற்கிறது! அவரையும் எங்கள் டாக்சியிலேயே ஏற்றினோம்.

"இன்னா மாப்ள, தாலி கட்றதுக்குள்ள அவ்ளோ அவசரமா?" என்று கோயில் வாசலே சிரித்தது.

பெல்ட் மாற்றியது தன் யோசனை என்று என் வீட்டுக்காரர் பந்தி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

கண்ணு, நான் சொல்லச் சொல்ல நீ எழுதுனத ஒரு தபா படிச்சுக் காட்டு. மாத்தச் சொன்னது நான்தான்னு தெளிவா இருக்குதா பாரு.